மூன்று முறை ஏறிய படம்

"முப்பத்தஞ்சு நிமிஷம், அக்கா," என்றாள் தேவமலர். "எங்கப்பா உயிர் போனது காலையில ஆறு அம்பது. ஏழு இருவத்தஞ்சுக்குப் போன்ல சாவு நோட்டீஸ் வந்திருச்சு. மாலை, குத்துவிளக்கு, குடும்பத்துப் பேரு எல்லாத்தோடயும். அண்ணன் ஒரு போன் பண்ணல. அப்பா போயிட்டாருன்னு எனக்குச் சொன்னதே அந்த நோட்டீஸ்தான்."

"முப்பத்தஞ்சு நிமிஷத்துல இந்தக் கடையில ரொட்டி சானாய்கூட வராது பாஸ்," என்று நிவேந்திரன் முணுமுணுத்தான். அவன் தட்டு இன்னும் வரவில்லை.

தேவிஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். அவன் தண்ணீர்க் குவளையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான்.

ஜாசின் போலீஸ் நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடை அது. தேவமலர் வேண்டுமென்றேதான் அங்கே வரச் சொல்லியிருந்தாள். மடியிலிருந்த கைப்பைக்குள் நான்காக மடித்த ஒரு தாள். சொந்த அண்ணன் புவனேந்திரன் மேல் கொடுக்கப்போகும் புகார். மலாயில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி வைத்திருந்தாள்.

தேவிஸ்ரீக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருஷம் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காகப் பொய் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவள். இப்போது ஆயர் குரோவில் ஒரு தையல் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். நிவேந்திரன் அவளுக்குக் காரோட்டி, உதவியாளர், அணைக்க முடியாத வானொலி. முப்பத்தைந்து வயதாகிவிட்டது அவனுக்கு. வாய்க்கு மட்டும் ஆகவில்லை.

"நாளைக்குப் பதினாறாம் நாள்," என்றாள் தேவமலர். "அண்ணன் கருமாதிக்கு உக்காருவான். உக்காரக் கூடாது. அதுக்கு முன்னாடி போலீஸ் போய்க் கேக்கணும், அப்பா சாகறது உனக்கு எப்படிடா முன்கூட்டியே தெரியும்னு. நாலு மணி வரைக்கும் இங்கயே இருப்பேன். நீங்க விசாரிச்சு, அண்ணன் பண்ணது இல்லைன்னு சொன்னா இந்தத் தாளைக் கிழிச்சிடறேன். ஆமான்னு சொன்னா ரோட்டைத் தாண்டிருவேன்."

மணி பதினொன்றே கால்.

"உங்கண்ணன் ஏன் அப்படிச் செய்யணும்?" என்று கேட்டாள் தேவிஸ்ரீ.

"அப்பா என்னைய மன்னிச்சிட்டாருக்கா. அதான்."

இருங்கள், இந்த மன்னிப்பின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் ஆத்திரம் உங்களுக்குப் பிடிபடாது.

செலண்டாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தேவமலரின் அப்பா வீரமுத்து அங்கே தொழிற்சங்கக் கிளைத் தலைவர். ஒரு வருஷம் வேலைநிறுத்தம் நடந்தது. பதினேழாம் நாள் விடியற்காலையில் சாமிக்கண்ணு என்பவர் உளியை எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போனார். அவர் பின்னால் எட்டுப் பேர் போனார்கள். வேலைநிறுத்தம் அன்றோடு படுத்துவிட்டது. அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் ஒரே லயத்து வரிசை வீடுகளில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தும் வீரமுத்து அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சாமிக்கண்ணுவின் மகனைத்தான் தேவமலர் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து சாகும்வரை, பத்தொன்பது வருஷம், அப்பா அவளை வீட்டு வாசலை மிதிக்க விடவில்லை.

"ஆனா நோட்டீஸ்ல என் பேரு இருந்துச்சு," என்றாள். "மகள் தேவமலர்னு. பேரு போட்டா என்ன அர்த்தம்? வா, வந்து வாய்க்கரிசி போடுன்னு அர்த்தம். அப்பா சொல்லாம அந்தப் பேரு வராது. அவர் கூப்பிட்டாரு, நான் போனேன். நடு வீட்டுல நின்னேன். ஏன் வந்தேன்னு ஒருத்தர் கேக்கல."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஆத்திரம் இல்லை. பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை போல் இருந்தாள். அடுத்த நொடி மறுபடி இறுகிக்கொண்டாள்.

"அண்ணனுக்கு அது பொறுக்கல. அப்பாவுக்குக் கிட்னி போயிருச்சு. வாரத்துக்கு மூணு தடவை மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஒரு தடவைகூட இவன் கூட்டிக்கிட்டுப் போகல, நான் விசாரிச்சிட்டேன். நோட்டீஸைத் தயார் பண்ணி வெச்சிட்டுக் காத்துக்கிட்டு இருந்திருக்கான். என் பேரைப் போடச் சொல்லி அப்பா கண்டிப்பா சொல்லியிருப்பாரு, அதனால விட முடியல. அதுலயும் வஞ்சத்தைப் பாருங்க."

கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். மகன், மருமகள் பெயரெல்லாம் நல்ல தடித்த எழுத்து. அவற்றுக்கும் பேரப்பிள்ளைகள் வரிக்கும் நடுவே, நெரிசல் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நிற்கிறவளைப் போல, 'மகள் தேவமலர்' என்ற வரி. பொடி எழுத்து.

"எறும்பு மாதிரி போட்டிருக்கான்," என்றாள்.

தேவிஸ்ரீ எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினாள். வெள்ளைச் சட்டையில் ஒரு கிழவர். கன்னமெல்லாம் மழமழவென்று சவரம். சட்டைப்பைக்கு மேலே பத்து காசு அளவில் ஒரு சிவப்புச் சின்னம்.

"இது என்ன?"

"யூனியன் பேட்ஜ். தகரப்பெட்டியில பூட்டி வெச்சிருப்பாரு. சாவி அரைஞாண் கயித்துல. எங்கம்மாவையே தொட விட்டதில்ல. மே தினம், சங்கக் கூட்டம், அம்மா செத்தன்னிக்கு, அவ்வளவுதான். மத்த நாள்ல வெளிய வராது. முடியாமப் படுத்திருக்கும்போது அண்ணன் சாவியை உருவியிருப்பான்."

தேவிஸ்ரீ எழுந்துகொண்டாள். ரொட்டி சானாய் அப்போதுதான் வந்தது. நிவேந்திரன் அதைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி பின்னாலேயே ஓடினான்.

*

பசார்ச் சந்தைக்குப் பின்தெருவில், அந்த நோட்டீஸை அடித்த மோகனாவின் அச்சுக்கடை. உள்ளே நுழைந்தால் இடப்பக்கக் கண்ணாடிப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகைகள். வலப்பக்கம் சாவு நோட்டீஸ் மாதிரிகள். நடுவில் ஒரு மேசை, ஒரு கணினி, முப்பது வயதில் ஒரு பெண்.

"வாழ்க்கையை இதவிடச் சுருக்கமா யாரும் சொன்னதில்ல பாஸ்," என்றான் நிவேந்திரன்.

செலண்டாரிலிருந்து ஆயர் குரோ வரை மோகனாவின் இணையப் பக்கத்தைப் பார்க்காத தமிழ் வீடு குறைவு. முன்பெல்லாம் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் தேடுவார்கள். இப்போது காலைக் கோப்பி ஆறுவதற்குள் கைப்பேசியில் தேடுகிறார்கள், யார் போனது என்று.

"வீரமுத்து தாத்தாவா?" மோகனா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "அன்னிக்குக் காலையிலதான் மேடம் பண்ணேன். மகன் போன் பண்ணாரு, பண்ணிக் கொடுத்தேன். மாதிரி ரெடியா இருக்கும். படத்தை வெச்சுப் பேரை மாத்தினா முடிஞ்சுச்சு."

"மாலை நேரா தொங்கல. அந்தச் சிவப்பு பேட்ஜை மறைக்காம வளைஞ்சு போகுது. அப்படி வெட்டி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"பழகிப்போச்சு மேடம்."

"அரை மணியில முடியுமா?"

"என்னை நம்ப மாட்டீங்கன்னா மெஷினை நம்புங்க," என்று மோகனா திரையைத் திருப்பினாள். குரலில் கோபம் இருந்தது. "நான் கையால எதையும் ஏத்தறதில்ல. படத்தை இந்த ஃபோல்டர்ல போடுவேன். பில்ட்னு ஒரு கட்டளை கொடுப்பேன். அது சைட்டை முழுசா கட்டும். கட்டும்போதே படத்தையெல்லாம் தானா கிளவுட்ல ஏத்திரும். எந்தப் படம் எந்த விலாசத்துல இருக்குன்னு சைட்லயும் அதுவே எழுதிக்கும். ஏறின நாள், மணி எல்லாம் அங்க பதிவாகியிருக்கும். நான் மாத்த முடியாது. இந்தாங்க, பதினாலாம் தேதி காலை ஏழு இருவத்தஞ்சு."

அப்படித்தான் இருந்தது.

நிவேந்திரன் கல்லூரியில் இரண்டு வருஷம் கணினி படித்து, மூன்றாம் வருஷம் காதலைப் படித்து, இரண்டிலும் தேறாதவன். குனிந்து பார்த்தான். "படத்துக்கு என்னங்க பேரு இது? பூனை கீபோர்ட்ல நடந்த மாதிரி?"

"அதுவும் தானா வெக்கறதுதான். படத்தைப் பார்த்து அதுக்குன்னு ஒரு பேரு வெக்கும். அதே படம் திரும்ப வந்தா ஏத்தாது. ஒரு புள்ளி மாறியிருந்தாலும் புதுப் படம்னு வேற பேருல ஏத்திரும்."

"பழசை?"

மோகனா யோசித்தாள். "பழசை ஒண்ணும் பண்ணாது."

"கொஞ்சம் மேல போங்க," என்றாள் தேவிஸ்ரீ.

கிளவுடில் ஏறியிருந்த படங்கள் சின்னச் சின்னச் சதுரங்களாக, தேதி வரிசையில் நின்றன. ஒரே ஒரு சதுரம் மேலே போனதும் அதே கிழவர். அதே மாலை. பதினான்காம் தேதி, காலை ஏழு பத்து.

"இது எழுத்துத் திருத்தினது," என்றாள் மோகனா அவசரமாக.

"இன்னும் மேல."

பதிமூன்று, பன்னிரண்டு, பத்து. யார் யாரோ மாலையோடு சிரித்தார்கள். கிறிஸ்தவப் பாட்டி ஒருத்தி. பைக் விபத்தில் போன ஒரு வாலிபன். ஏழு, ஐந்து, நான்கு.

"நிறுத்துங்க."

மூன்றாம் தேதி, மாலை நான்கு நாற்பது. வெள்ளைச் சட்டை, சிவப்பு பேட்ஜ், மாலை, குத்துவிளக்கு. வீரமுத்து.

செத்தது பதினான்காம் தேதி. பதினொரு நாள் முன்னதாகவே அவருக்கு மாலை விழுந்திருந்தது.

மோகனா திரைக்குக் கிட்டே குனிந்தாள். "இது... இதை நான் சைட்ல போடவே இல்லையே. சும்மா ஃபோல்டர்லதானே வெச்சிருந்தேன்."

"சைட்ல வர்ற படத்தை மட்டும் ஏத்தச் சொன்னீங்களா, ஃபோல்டர்ல இருக்கிறதையெல்லாம் ஏத்தச் சொன்னீங்களா?" என்று கேட்டான் நிவேந்திரன்.

"ஃபோல்டரை."

"அப்ப சரிதான். செம்பனைக் குலை ஏத்தற லோரி மாதிரிலா இது. ரோட்டோரம் கிடக்கிற குலையெல்லாம் ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போயிரும். பழுத்ததா, காயான்னு லோரிக்காரன் பாக்க மாட்டான். போனதைத் திருப்பிக் கொண்டாந்து இறக்கவும் மாட்டான்."

"இது காயா இருக்கும்போதே போயிருக்கு," என்றாள் தேவிஸ்ரீ.

நிவேந்திரன் கைப்பேசியை எடுத்தான். "அந்த அக்காகிட்ட ஆமான்னு சொல்லிரலாமா பாஸ்? ரோட்டைத் தாண்டட்டும்."

"பொறு." தேவிஸ்ரீ நாற்காலியை இழுத்து மோகனாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு நோட்டீஸ். யார் வந்து கேட்டது?"

"சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்."

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன். தப்புன்னா மட்டும் தலையை ஆட்டுங்க. அந்த பேட்ஜ் பூட்டின பெட்டியில இருக்கும். மகன் சாவியை உருவியிருக்கலாம். பெட்டியைத் திறந்து பேட்ஜை எடுத்திருக்கலாம். ஆனா படுத்துக் கிடக்கிற மனுஷனுக்குச் சட்டை மாத்தி, பேட்ஜைக் குத்தி, இப்படி நிமிர்ந்து பார்க்க வைக்க முடியாது. தாடையில பாருங்க, பிளேடு கீறின கோடு. தானே சவரம் பண்ணியிருக்காரு, கை நடுங்கியிருக்கு. காது ஓரத்துல கொஞ்சம் நீலம் ஒட்டியிருக்கு. நீங்க வெட்டும்போது தப்பிச்சது."

அவள் பார்வை கடையின் மூலைக்குப் போனது. அங்கே பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு நீலத் திரை தொங்கியது. அதன் முன்னால் ஒரு முக்காலி.

"அங்க உக்காந்துதான் எடுத்துக்கிட்டாரு. அவரே வந்திருக்காரு."

மோகனா தலையை ஆட்டவில்லை. "பஸ்ல வந்தாரு," என்றாள். "தனியா. கால் ரெண்டும் வீங்கியிருந்துச்சு, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாரு. மெஷின்ல படுத்துக்கிட்டு ரத்தம் சுத்தறதை வேடிக்கை பார்க்க மாட்டேன், எம் மவன் தினம் கூப்பிடறான், நான்தான் போகல, அவனைத் திட்டாதீங்கன்னாரு. யாரும் திட்டவே இல்ல, அவரா சொன்னாரு. நோட்டீஸை என் கண்ணு முன்னால அடிச்சுக் காட்டு, சங்கத் தீர்மானமெல்லாம் நான் எழுதினவன், பிழையோட போக மாட்டேன்னாரு. நாள் எழுதற இடத்தை மட்டும் காலியா விடச் சொன்னாரு. உயிரோட நோட்டீஸ் போட்டுக்கிட்டவன்னு ஊரு சிரிக்கும், யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. என் நம்பரை எழுதி மகன்கிட்ட கொடுத்து வெச்சிருக்காரு. மூச்சு நின்னதும் மணியைச் சொல்லு, மத்ததை அந்தப் பொண்ணு பாத்துக்கும்னு."

நிவேந்திரன் பெருமூச்சு விட்டான். "அப்பாடா. அண்ணன் கொலைகாரர் இல்ல, அப்பாவும் மன்னிச்சிட்டாரு. ரெண்டு பக்கமும் நல்லபடியா முடியற கேஸ் நமக்கு இதுதான் மொதல்ல பாஸ். நான் இன்னொரு ரொட்டி சாப்பிடலாம்."

"அந்த முதல் படத்தைப் பெருசா ஒரு பிரிண்ட் எடுங்க," என்றாள் தேவிஸ்ரீ. "அவங்ககிட்ட காட்டணும்."

மோகனா அசையவில்லை.

"வேணாம் அக்கா," என்றாள்.

அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தேவிஸ்ரீ அவளைப் பார்த்தாள். பிறகு தானே மவுஸைப் பிடித்து அந்தச் சதுரத்தை அழுத்தினாள்.

படம் திரை முழுக்க விரிந்தது. வீரமுத்து நேராகப் பார்த்தார். மறைவு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெற்றிடம். கீழே குடும்பத்தார். மகன் புவனேந்திரன். மருமகள் ராகினி. பேரப்பிள்ளைகள். எல்லா வரியும் ஒரே தடிமன். வரிக்கு வரி ஒரே இடைவெளி. நல்ல வேலைப்பாடு. நடுவே ஒரு மயிரிழை நுழைய இடமில்லை.

தேவமலர் என்ற பெயர் அதில் இல்லை.

தேவிஸ்ரீ இரண்டாவது சதுரத்தைத் திறந்தாள். ஏழு பத்து. நாளும் மணியும் ஏறியிருந்தன. பெயர் இல்லை. மூன்றாவதைத் திறந்தாள். ஏழு இருபத்தைந்து. அதில்தான் அந்த எறும்பு வரி.

"ஏழு மணிக்கு மகன் போன் பண்ணி மணியைச் சொன்னாரு," என்றாள் மோகனா. "நாளைப் போட்டு ஏத்திட்டேன். அஞ்சு நிமிஷத்துல திரும்பக் கூப்பிட்டாரு. எங்க தங்கச்சி பேரு விட்டுப்போச்சேன்னாரு. விடல, தாத்தா சொன்னபடிதான் போட்டேன்னேன். பின்னாடி பொம்பளைங்க அழற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சொன்னாரு, போடும்மா, அப்பா இனிமே பார்க்க மாட்டாருன்னு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இடமே இல்லக்கா. தாத்தா இடமே விடல. மறுபடி பிரிச்சு அடுக்க நேரம் இல்ல. சின்ன எழுத்துல நுழைச்சேன்."

"அவர் வந்தன்னிக்கு நீங்க கேக்கலையா, மகள் உண்டான்னு?"

"எல்லார்கிட்டயும் கேப்பேன். கேட்டேன். ஒரே பையன்னாரு. அப்புறம் நான் அடிச்சதை விரலை வெச்சு ரெண்டு தடவை படிச்சாரு. சரியா இருக்குன்னாரு."

கடைக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்று, யாரையோ ஏற்றிக்கொண்டு போனது. நிவேந்திரன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

*

தேவிஸ்ரீ காருக்குள் உட்கார்ந்து புவனேந்திரனைக் கூப்பிட்டாள். யார், என்ன என்று இரண்டு வரியில் சொன்னாள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம். நாளைய காரியத்துக்கு வீட்டில் ஆள் கூடியிருந்தது.

"அந்தப் பொண்ணு காட்டிருச்சா?" என்றார்.

"அவங்க காட்டல. படம் தானா ஏறியிருந்துச்சு."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. நாலு மணிக்கு உங்க மேல ரிப்போட் கொடுக்கப் போறாங்க. நீங்க அப்பாவைச் சாக விட்டீங்கன்னு."

"கொடுக்கட்டும்."

"புவனேந்திரன்..."

"கொடுக்கட்டும் மேடம். வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். கூட்டிட்டுப் போக நேரமில்லன்னு சொல்றேன், மறந்துட்டேன்னு சொல்றேன்." அவர் குரல் தாழ்ந்தது. யாரோ பக்கத்தில் வந்து போனார்கள் போலிருக்கிறது. "சாவுக்கும் அவளைக் கூப்பிடக் கூடாதுன்னு அப்பா எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. நான் போன் பண்ணல, சத்தியத்தைக் காப்பாத்திட்டேன். பேரைத்தான் போட்டேன். அவ வந்து வாய்க்கரிசி போட்டா. அப்ப அவ மூஞ்சியைப் பார்த்தேன். அதை நான் கெடுக்க மாட்டேன். நீங்களும் கெடுத்துறாதீங்க."

"போலீஸ் விசாரிச்சா மோகனா கடைக்கும் போவாங்க. மூணு படமும் அங்க இருக்கு. ரிப்போட் போகாம இருக்கணும்னா நான் அவங்ககிட்ட பாதியாவது சொல்லணும்."

"அப்ப பாதி சொல்லுங்க," என்றார் அவர். "என் பாதியைச் சொல்லாதீங்க."

*

நான்குக்குப் பத்து நிமிஷம். தேவமலர் அதே மேசையில் இருந்தாள். மூன்றாவது கோப்பி முன்னால் ஆறிப்போயிருந்தது.

"உங்கண்ணன் இல்ல," என்றாள் தேவிஸ்ரீ உட்காரும்போதே. "நோட்டீஸை முன்கூட்டி அடிக்கச் சொன்னது உங்கப்பா. மூணாம் தேதி பஸ் ஏறி, தானா பேட்ஜைக் குத்திக்கிட்டு வந்திருக்காரு. மெஷினுக்குப் போகாததும் அவர் முடிவு. அண்ணன் தினம் கூப்பிட்டிருக்காரு. தாளைக் கிழிச்சிடுங்க."

தேவமலரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"அப்பாவேவா? கடைக்கு வந்து, உக்காந்து, அவர் வாயாலயே சொல்லி அடிக்க வெச்சாரா?"

"ம்."

"அப்ப என் பேரையும் அவர் வாயால..."

"ம்," என்றாள் தேவிஸ்ரீ. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களின் பொய்யைப் பிடித்தவளுக்குத் தன் பொய்யைச் சொல்ல ஓர் எழுத்துக்கு மேல் வரவில்லை.

"உக்காந்து படிச்சுப் பார்த்தாரா?"

"ரெண்டு தடவை," என்றான் நிவேந்திரன். நல்லதைச் சொல்கிறோம் என்றுதான் அவன் நினைத்தான். "விரலை வெச்சு."

"அப்படித்தான் படிப்பாரு," என்றாள் தேவமலர் சிரித்துக்கொண்டே. கைப்பேசியை எடுத்தாள், அப்பாவைப் பார்க்க. விரலால் பெரிதாக்கினாள். முகம், பேட்ஜ், கீழே பெயர்கள். அங்கே அவள் விரல் நின்றது.

"ஒரு தடவை மே தினக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிச்சாங்க," என்றாள் திரையைப் பார்த்தபடியே. "பொருளாளர் பேரு மட்டும் கொஞ்சம் சின்னதா வந்திருச்சு. ஐந்நூறு நோட்டீஸையும் கட்டி அச்சாபீஸுக்கே திருப்பி அனுப்பிட்டாரு. ஒரு மனுஷனைச் சின்னதா போடறதுக்குப் போடாமலே இருக்கலாம்னு சத்தம் போட்டாரு."

அவள் கைப்பேசியைத் தேவிஸ்ரீ பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு தடவை படிச்சவரு இந்த வரியை விட்டிருப்பாரா அக்கா?"

தேவிஸ்ரீ பார்வையைத் தாழ்த்தினாள். நிவேந்திரன் தெருவுக்கு அந்தப் பக்கம் போலீஸ் நிலையத்துக் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன்தானே?"

பதில் அவளுக்குத் தேவைப்படவில்லை. கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"பதினாலு நாளா திட்டிக்கிட்டு இருக்கேன் அவனை," என்றாள். "பேரைச் சின்னதா போட்டான்னு."

பைக்குள்ளிருந்து தாளை எடுத்தாள். கிழித்தாள், மறுபடி கிழித்தாள். துண்டுகளைக் கோப்பித் தட்டில் போட்டு மிச்சக் கோப்பியை அதன் மேல் ஊற்றினாள். மலாய் எழுத்துகள் நீலமாகக் கரைந்து ஓடின.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கடைக்காரப் பொண்ணு கேட்டிருக்குமே, உங்களுக்கு மகள் இருக்காங்களான்னு. அப்பா என்ன சொன்னாரு?"

"அது கேக்கலையாம்," என்றாள் தேவிஸ்ரீ.

இந்தத் தடவை முழு வாக்கியமாகவே வந்தது.

தேவமலர் அவள் கண்ணையே பார்த்தாள். "நல்லதாப் போச்சு," என்றாள் கடைசியில்.

எழுந்து கடையின் முகப்புக்குப் போய் நின்றாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கைப்பேசியில் ஓர் எண்ணைத் தேடி எடுத்துக் காதில் வைத்தாள். மணி சரியாக நான்கு. எதிரே போலீஸ் நிலைய வாசலில் யாரோ குடையை உதறிவிட்டு உள்ளே போனார்கள்.

"அண்ணே, நான்தான்," என்றாள். குரல் தெளிவாக இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. "ஒண்ணுமில்ல. நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீங்க?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

"வராம எப்படிண்ணே?" என்றாள் தேவமலர். "அப்பாவே என் பேரைப் போட்டுக் கூப்பிட்டிருக்காரு."